டிஸ்க்கில் 16எக்ஸ், டிரைவில் 24எக்ஸ், கடிகாரத்தில் ஆறு நிமிஷம்

ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு பிளாங்க் டிவிடிகள். ஒன்றை ஒரு கணினியில் போட்டால் 16எக்ஸ் வரைக்கும் எழுதலாம் என்கிறது. இன்னொன்றைப் பக்கத்துக் கணினியில் போட்டால் 4எக்ஸ் என்ற ஒரே வேகத்தைத்தான் பட்டியலில் காட்டுகிறது. இரண்டு டிரைவின் முகப்பிலும் 16எக்ஸோ அதற்கு மேலோ அச்சடித்திருக்கிறார்கள். டிஸ்க்கின் மேலும் 16எக்ஸ் என்றுதான் இருக்கிறது. அப்புறம் அந்த 4 எங்கிருந்து வந்தது?

இப்படிக் கேட்டவன் என்னிடம் எடிட்டிங் கற்றுக்கொள்ள வரும் தம்பி. நான் நிகழ்ச்சி வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஆள். பென் டிரைவில் கொடுத்தாலும், இணையத்தில் ஏற்றி இணைப்பை அனுப்பினாலும், "அப்படியே டிவிடியும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க" என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் பழைய ரைட்டர் எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. ஐடிஇ கேபிள் காலத்து பென்க்யூ டிடபிள்யூ1640 ஒன்று, அதே காலத்து பயனியர் டிவிஆர்-111, பின்னால் வந்த சாட்டா லைட்-ஆன் ஐஹாஸ்124, யூஎஸ்பியில் ஓடும் ஒல்லி டிரைவ் ஒன்று, இவை போக இங்கே பெயர் சொல்ல விரும்பாத இன்னும் ஒன்று. பிளாங்க் டிஸ்க்கும் வகை வகையாகக் கிடக்கிறது. எந்த டிஸ்க்கை எந்த டிரைவில் எந்த வேகத்தில் போட்டால் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் எக்ஸ் கணக்கு. டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 மெகாபைட். சிடியின் 1எக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நொடிக்கு 150 கிலோபைட்தான். டிவிடியுடையது அதைப் போல ஒன்பது மடங்கு. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை. டிவிடி-ஆரில் 4,707,319,808 பைட் பிடிக்கும். டிவிடி+ஆரில் கொஞ்சம் குறைவு, 4,700,372,992. இதை 1எக்ஸில் எழுதினால் ஏறக்குறைய 57 நிமிஷம். 16-ஆல் வகுத்தால் மூன்றரை நிமிஷம். தம்பி கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, மூணரை நிமிஷத்துல முடியணுமே, நம்மளது ஆறு நிமிஷம் ஓடுதே?" என்றான்.

நியாயமான கேள்விதான். டிவிடியில் எழுத்து உள்ளேயிருந்து வெளியே சுருளாகப் போகிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. 1எக்ஸ் என்பது லேசர் புள்ளிக்குக் கீழே நொடிக்கு சுமார் மூன்றரை மீட்டர் தடம் ஓடுவது. உள்வளையம் சின்னது என்பதால் அந்த வேகம் வர நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்று வேண்டும். வெளி ஓரத்தில் 575 சுற்றே போதும். இப்போது 16-ஆல் பெருக்குங்கள். வெளி ஓரத்துக்கு 9,200 சுற்று, உள்வளையத்துக்கு 22,000. அந்த 22,000 நடக்கிற காரியம் இல்லை. ஆகவே டிரைவ் 9,200 சுற்றிலேயே நிலையாக ஓட்டுகிறது. உள்ளே எழுதும்போது வேகம் 6.6எக்ஸ்தான். அங்கிருந்து மெல்ல ஏறி, கடைசி ஓரத்தைத் தொடும்போதுதான் 16 வருகிறது. டிஸ்க்கின் மேல் அச்சடித்திருக்கும் எண் ஏறக்குறைய கடைசி நொடிகளுக்கு உரியது. இப்படிச் சுற்று மாறாமல் ஓட்டுவதற்கு சிஏவி என்று பெயர். 4எக்ஸ் போன்ற குறைந்த வேகங்களில் தடம் ஓடும் வேகத்தை மாறாமல் வைத்து, வெளியே போகப் போகச் சுற்றைக் குறைத்துக்கொண்டே வருவது சிஎல்வி. தொடக்கத்தில் சிஏவி, பாதியில் சிஎல்வி என்று கலந்து கட்டுவதும் உண்டு; 12எக்ஸ் பெரும்பாலும் அப்படித்தான்.

தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். 34 மில்லிமீட்டர் அகலத்தில் அப்படி 46,000 சுற்று அடங்கும். நிமிஷத்துக்கு 9,200 சுற்று வீதம் ஓட்டினால் சரியாக ஐந்து நிமிஷம். அதோடு தொடக்கத்தில் லேசரைச் சரிபார்க்கிற நேரம், முன்பகுதியும் பின்பகுதியும் எழுதி டிஸ்க்கை மூடுகிற நேரம். அந்த ஆறு நிமிஷம் இப்படித்தான் வருகிறது. 24எக்ஸ் டிரைவில் இதே கணக்கு மூன்று நிமிஷம் இருபது நொடி. பெட்டியின் மேல் 16 என்பது 24 ஆக மாறினால் கையில் மிச்சமாவது ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேல், அதுவும் அந்த வேகத்தை அந்த டிரைவ் அந்த டிஸ்க்குக்கு அனுமதித்தால்.

இதே காகிதத்தில் 12எக்ஸையும் போட்டுப் பார்த்தேன். உள்ளே 6.6-இல் தொடங்கி, பாதிக்குச் சற்று முன்பே 12-ஐத் தொட்டு, அப்புறம் கடைசி வரை அதே வேகம். மொத்தம் ஐந்து நிமிஷம் இருபது நொடிக்குச் சற்று மேல். அதாவது 16எக்ஸுக்கும் 12எக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அரை நிமிஷம்கூட இல்லை! இத்தனை வருஷம் இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இது என் மனதில் ஏறியதே இல்லை. 8எக்ஸ் என்றால் எல்லாம் சேர்த்து எட்டு நிமிஷம், 4எக்ஸ் என்றால் பதினைந்து. ஆக நேரம் உண்மையில் மிச்சமாவது 4-இலிருந்து 8-க்குப் போகும்போதுதான். அதற்கு மேல் போவது பெரும்பாலும் பெருமைக்கு.

சரி, அந்த 4எக்ஸ் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு பிளாங்க் டிஸ்க்கிலும் அதை அச்சில் வார்த்த ஆலையின் குறியீடு பதிந்திருக்கும். டிவிடி-ஆரில் தடங்களுக்கு இடையே உள்ள மேட்டுப் பகுதியில் சின்னச் சின்னப் பள்ளங்களாக. டிவிடி+ஆரில் தடத்தின் நெளிவிலேயே. இதை எம்ஐடி என்பார்கள். டிஸ்க்கை உள்ளே தள்ளியவுடன் டிரைவ் முதலில் படிப்பது இதைத்தான். வெர்பாட்டிம் டப்பாவை எடுத்தால் 16எக்ஸ் +ஆரில் எம்சிசி 004 என்று இருக்கும், -ஆரில் எம்சிசி 03ஆர்ஜி20 என்று இருக்கும். எம்சிசி என்பது மிட்சுபிஷி கெமிக்கல். தாயோ யூடெனின் 8எக்ஸ் -ஆர் என்றால் டிஒய்ஜி02. சிஎம்சி மேக், ரைடெக், மோசர் பேயருக்கு எம்பிஐ என்று ஒவ்வொரு ஆலைக்கும் ஒன்று. டப்பாவின் மேல் போட்டிருக்கும் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. ஒரே கம்பெனி பெயரில் இரண்டு ஆலையின் சரக்கு வரும். இரண்டு கம்பெனி பெயரில் ஒரே ஆலையின் சரக்கும் வரும். பேர்போன ஆலையின் குறியீட்டைத் திருடிப் பதித்த போலியும் உண்டு. டப்பாவைப் பார்த்து வாங்குகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியப்போவதில்லை.

குறியீட்டைப் படித்ததும் டிரைவ் தன் ஃபர்ம்வேருக்குள், அதாவது தனக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளுக்குள், இருக்கும் பட்டியலில் தேடுகிறது. இந்த ஆலையின் இந்த டிஸ்க்குக்கு, இந்த வேகத்தில், லேசரை எவ்வளவு சக்தியில், எந்த வடிவத்தில் துடிக்க விட வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கும். டிவிடியில் எழுதப்படும் மிகச் சிறிய குறியின் நீளம் 0.4 மைக்ரோமீட்டர். 16எக்ஸில் அதை எழுதக் கிடைக்கும் நேரம் 7 நானோ நொடி. அந்த நேரத்தில் வெளி ஓரத்துத் தடம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. துடிப்பு கொஞ்சம் நீண்டால் குறி பக்கத்துக் குறியைத் தொட்டுவிடும், கொஞ்சம் குறைந்தால் டிஸ்க்கில் பூசியிருக்கும் சாயம் சரியாக வேகாது. டிஸ்க்குக்கு டிஸ்க் சாயமும் அதன் தடிமனும் மாறுவதால் பொதுவாக ஒரு துடிப்பை வைத்துச் சமாளிக்க முடியாது. பட்டியலில் அந்தக் குறியீடு இல்லாவிட்டால், அறியாத ஆளிடம் ஜாக்கிரதையாகப் பேசுவது போல, டிரைவ் ஒரு பொதுவான குறிப்பை எடுத்துக்கொண்டு வேகத்தையும் தாழ்த்திக்கொள்கிறது. தம்பி பார்த்த 4எக்ஸ் அதுதான். அந்த டிரைவ் வெளிவந்தபோது இந்த டிஸ்க் இல்லை. தயாரிப்பாளர் பின்னால் ஒரு புது ஃபர்ம்வேர் விட்டிருந்தார். அதை ஏற்றியதும் அதே டிஸ்க்குக்கு 12எக்ஸ் வரை பட்டியல் வந்துவிட்டது.

ஆகவே "இந்த டிஸ்க் எவ்வளவு வேகம்" என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை. "இந்த டிரைவ் எவ்வளவு வேகம்" என்பதும் அப்படியே. ஜோடி ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பது அந்த டிரைவின் ஃபர்ம்வேருக்கும் அந்த டிஸ்க்கின் குறியீட்டுக்கும் உள்ள பழக்கம். ஒரு டிரைவில் பிரமாதமாக வந்த டிஸ்க்கைப் பற்றி யாராவது எழுதியிருந்தால், அவர் டிரைவ் எது, ஃபர்ம்வேர் எது என்று பார்க்காமல் நம் டிரைவுக்கு அதை நம்பி வாங்குவது வீண்.

சோதிக்கும் முறையில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எல்லா டிஸ்க்குக்கும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பு (டிஸ்க்கில் போக வேண்டியது முழுவதும் ஒரே கோப்பாக), அதுவும் டிஸ்க் நிரம்புகிற அளவு. பாதி டிஸ்க் எழுதிவிட்டு "நல்லா வந்திருக்கு" என்றால் அதற்கு மதிப்பில்லை. கோளாறு வருகிற இடமே வெளி ஓரம்தான். வேகம் உச்சத்தில் இருப்பதும் அங்கே, சாயம் சீராகப் படியாமல் போவதும், டிஸ்க்கின் லேசான வளைவு பெரிதாகத் தெரிவதும் அங்கே. எழுதுவதற்கு இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள். டிஸ்க்கைப் போட்டதும் வலது பக்கத்தில் குறியீட்டையும் அந்த டிரைவ் அதற்கு அனுமதிக்கும் வேகங்களையும் அது காட்டிவிடும். முடிந்த பிறகு சராசரி வேகமும் ஆன நேரமும் குறிப்பேட்டில் இருக்கும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் தொகுப்பிலேயே இதற்கான கட்டளைகள் எல்லாம் இருக்கின்றன.

எழுதி முடித்த டிஸ்க்கை எழுதிய டிரைவிலேயே படித்துப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. தன் கையெழுத்து யாருக்கும் புரியும். வேறு டிரைவில் போட்டு, நீரோ சிடி-டிவிடி ஸ்பீடு என்ற மென்பொருளில் படிக்கும் வேகத்தின் கோட்டை வரையச் சொல்ல வேண்டும். உள்ளிருந்து வெளியே சீராக ஏறினால் சரி. நடுவில் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் டிரைவ் தடுமாறித் திரும்பப் படித்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பிழைக் கணக்கு. இதற்கு எல்லா டிரைவும் ஆகாது. பென்க்யூவும் லைட்-ஆனும் பிளெக்ஸ்டாரும் பிழை எண்ணிக்கையை வெளியே சொல்லும். டிவிடியில் தகவல் 32 கிலோபைட் கட்டங்களாக எழுதப்படுகிறது. ஒரு கட்டத்தில் 208 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 182 பைட், அதில் 10 பைட் பிழை திருத்துவதற்கானது. ஒரு வரிசையில் ஒரு பைட் தப்பாக இருந்தாலும் அது பிஐஇ. ஐந்து பைட்டுக்கு மேல் தப்பாகி அந்த வரிசையை அந்த 10 பைட்டால் திருத்த முடியாமல் போனால் பிஐஎஃப். அதை நெடுக்குவாட்டில் இருக்கும் இன்னொரு திருத்தம் பார்த்துக்கொள்ளும். எட்டு கட்டத்துக்குச் சேர்த்து பிஐஇ 280-ஐத் தாண்டக் கூடாது, ஒரு கட்டத்தில் பிஐஎஃப் 4-ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஒன்று முக்கியம்: வீட்டு டிரைவ் அளவுக்கருவி இல்லை. பென்க்யூவில் எடுத்த எண்ணை லைட்-ஆனில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் எல்லாவற்றையும் பென்க்யூவில், 8எக்ஸில் மட்டும் அளந்தேன். அந்த மென்பொருள் கடைசியில் நூற்றுக்குப் போடும் மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு முள் எங்காவது எட்டிப் பார்த்தால் அது சரிந்துவிடும். கோட்டின் வடிவம்தான் விஷயம்.

இனி விளைவு. எம்சிசி 004 டிஸ்க்கைப் பென்க்யூவில் 16எக்ஸில் போட்டபோது நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் 6.6. வேகக் கோடு ஏணி சாய்த்தது போல நேராக ஏறுகிறது. டிரைவின் சத்தமும் கூடவே மாறும் என்று நினைப்போம். சுற்று மாறாததால் சத்தம் மாறுவதில்லை, தொடக்கத்திலேயே உச்சக் குரலில் பிடித்து அப்படியே நிற்கிறது. இடையிடையே கோடு ஒரு கணம் செங்குத்தாக விழுந்து மறுபடி பழைய இடத்துக்கே வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பார்கள். இது பென்க்யூவின் பழக்கம்: சற்று நிறுத்தி, இதுவரை எழுதியதைத் தானே படித்துப் பார்த்து, லேசர் சக்தியைத் திருத்திக்கொண்டு தொடர்கிறது. முடிந்தபோது ஐந்தே முக்கால் நிமிஷம் சொச்சம். பிழைக் கோடு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தரையோடு ஒட்டியே போனது, கடைசி கால் ஜிபியில் மட்டும் கொஞ்சம் தலை தூக்கியது. அதே டிஸ்க் 12எக்ஸில் அந்தக் கடைசித் தலை தூக்கலும் இல்லாமல் வந்தது. இருபது சொச்சம் நொடி கூடுதலாகக் கொடுத்தால் இது கிடைக்கிறது என்றால் 16எக்ஸில் நான் ஏன் எழுத வேண்டும்?

இதற்கு நேர் எதிர், பெயரில்லாத ஒரு டப்பா. டிஸ்க்கின் மேல் கம்பெனி பெயர் இல்லை, 16எக்ஸ் மட்டும் கொட்டை எழுத்தில். லைட்-ஆன் அதற்கு 16எக்ஸை அனுமதித்தது. எழுதவும் எழுதியது. இம்ஜ்பர்ன் வெற்றி என்று மணியடித்தது. பென்க்யூவில் அளந்தால் முதல் 3 ஜிபி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பிஐஇ ஏறத் தொடங்கி, 4 ஜிபியைத் தொடும்போது 280-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஒல்லி டிரைவில் போட்டால் அதே இடத்தில் படிக்கும் வேகம் தரையில் விழுந்தது. வீடியோ டிவிடியாக இருந்தால் படத்தின் கடைசிக் கால் மணி நேரம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றிருக்கும். வாடிக்கையாளர் போன் செய்து "கடைசில வர்ற முக்கியமான எடம்தான் ஓடல" என்று சொல்வது ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது: முக்கியமானது எல்லாமே நிகழ்ச்சியின் கடைசியில்தான் வருகிறது, டிஸ்க்கின் கடைசியும் அதுதான்.

அதே டப்பாவிலிருந்து 8எக்ஸில் எழுதியதும் ஒன்று நன்றாக வந்தது, இன்னொன்று வரவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மலிவு டிஸ்க் டப்பாவுக்குப் பொருந்தாது. நல்ல ஆலையின் சரக்குக்குப் பெரும்பாலும் பொருந்தும். நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தச் சீருக்குத்தான்.

வேகம் குறைந்தால் தரம் கூடும் என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. "எப்பவும் 1எக்ஸ்ல போடு, அதுதான் கல்வெட்டு மாதிரி நிக்கும்" என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன்கூடச் சொல்வார். 2001-இல் வந்த பயனியர் டிவிஆர்-ஏ03 காலத்தில், -ஆர் டிஸ்க்கே 2எக்ஸ்தான் என்றபோது அது பொருந்தியிருக்கலாம். 2004-இல் 16எக்ஸ் டிரைவ்கள் வந்துவிட்டன, சாயமும் மாறிவிட்டது. 16எக்ஸுக்காகச் செய்த டிஸ்க்கின் சாயம் வேகமான, வலுவான துடிப்புக்குப் பழகியது. அதை 4எக்ஸில் மெல்ல எழுதும்போது ஃபர்ம்வேரில் அந்த வேகத்துக்கான குறிப்பு அவ்வளவு அக்கறையாகச் செதுக்கப்பட்டிருக்காது. என் பென்க்யூவில் எம்சிசி 004-ஐ 4எக்ஸில் எழுதியது 12எக்ஸில் எழுதியதைவிட மோசமாகவே வந்தது. படிக்க முடியாத அளவு இல்லை, கோடு முழுக்க ஒரு படி மேலே நின்றது, அவ்வளவுதான். பல டிரைவ்களில் இப்போதைய 16எக்ஸ் டிஸ்க்குக்கு 1எக்ஸ், 2எக்ஸ் பட்டியலிலேயே வராது. 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8 அல்லது 12. 8எக்ஸ் டிஸ்க்குக்கு 8 அல்லது 6. இது என் டிரைவ்களில் கண்டது. உங்களுடையதில் வேறாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மறுபக்கம், டிஸ்க்கில் அச்சடித்ததைவிட அதிக வேகத்தை அனுமதிக்கும் டிரைவ்களும் இருக்கின்றன. டிஒய்ஜி02 என்ற 8எக்ஸ் டிஸ்க்கைப் பயனியரில் போட்டால் 12எக்ஸ் தருகிறேன் என்கிறது. போட்டுப் பார்த்தேன், அழகாகவே வந்தது. தாயோ யூடென் 2015-இல் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டதால் மிச்சம் இருப்பது மிச்சம்தான். ஆசைக்கு மேலும் சோதித்துத் தீர்க்க மனம் வரவில்லை. வெர்பாட்டிமும் 2019-இல் மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து சிஎம்சியிடம் போக முடிவானது. பழைய டப்பாவின் அனுபவத்தை வைத்துப் புது டப்பாவை எடைபோடாமல், குறியீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

டிரைவும் டிஸ்க்கும் சரியாக இருந்து கணினி காலை வாருவது தனிக் கதை. பழைய ஐடிஇ டிரைவ்கள் டிஎம்ஏ முறையில் ஓட வேண்டும், அதாவது தகவல் நினைவகத்துக்கும் டிரைவுக்கும் இடையே நேராகப் போக வேண்டும். எக்ஸ்பி காலத்து விண்டோஸ், தொடர்ந்து பிழை வந்தால் சத்தமில்லாமல் அதைப் பிஐஓ முறைக்கு, அதாவது எல்லாவற்றையும் பிராசசர் வழியாக மெல்ல நகர்த்தும் முறைக்கு, இறக்கிவிடும். அதன் பிறகு 16எக்ஸ் என்று தேர்ந்தெடுத்தாலும் தகவல் அந்த வேகத்துக்கு வந்து சேராது. இடைநினைவகத்தின் அளவு காட்டும் பட்டை மேலும் கீழும் ஊஞ்சலாடும். எழுதும்போது அந்தப் பட்டையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை நிரம்பியே இருந்து வேகம் இறங்கினால் டிரைவ் தானே இறக்குகிறது, டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். பட்டை காலியாகி வேகம் இறங்கினால் கேபிள், ஹார்ட் டிஸ்க், பின்னணியில் ஓடும் வைரஸ் தேடல் என்று கணினிப் பக்கம் போக வேண்டும். கம்பிகள் நாற்பதுக்குப் பதில் எண்பது இருக்கும் கேபிளை மாற்றியதும் சரியான டிரைவ்கள் உண்டு. யூஎஸ்பி 1.1 துளையில் செருகினால் நொடிக்கு 12 மெகாபிட்தான். அதிலும் ஒரு பங்கு யூஎஸ்பியின் சொந்த வேலைக்கே போய்விடுவதால், 1எக்ஸுக்கே அது போதாது.

ஒல்லி டிரைவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உச்சம் 8எக்ஸ், அதுவும் கடைசி ஓரத்தில். உள்ளே 3.3-இல் தொடங்குகிறது, பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரே யூஎஸ்பி துளையிலிருந்து போதிய மின்சாரம் கிடைக்காவிட்டால் லேசரும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும் தருணத்தில் படுத்துவிடும். இரண்டு முனை உள்ள கேபிள் அதற்காகத்தான். திரும்ப எழுதும் டிஸ்க்குகளில் -ஆர்டபிள்யூ 6எக்ஸ், +ஆர்டபிள்யூ 8எக்ஸ் என்பதற்கு மேல் கிடையாது; வீடியோவின் மெனு சரியாக ஓடுகிறதா என்று முன்கூட்டிப் பார்க்க மட்டும் அவற்றை வைத்திருக்கிறேன். இரட்டை அடுக்கு டிஸ்க், அதாவது 8.5 ஜிபி, 2.4எக்ஸில் 43 நிமிஷம் ஓடும். அதைச் சோதித்து வீணாக்க எனக்குப் பொறுமையும் இல்லை, டிஸ்க்கும் இல்லை.

இன்னொன்று, வேகத்தோடு சம்பந்தப்பட்டதுதான். வட்டமாக வெட்டிய காகித லேபிளை டிஸ்க்கின் மேல் ஒட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 9,000 சுற்று ஓடும் பொருளில் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினால் என்ன ஆகும் என்று டிரைவின் மேல் கை வைத்துப் பார்த்தாலே தெரியும், மேசையே அதிரும். பெயர் வேண்டும் என்றால் பிரிண்டரில் நேராக அச்சிடக்கூடிய வெள்ளை முகப்பு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம், அல்லது மார்க்கர் பேனாவால் எழுதிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு டிரைவின் முகப்பிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பென்க்யூவில் "எம்சிசி 004, 12" என்று. லைட்-ஆனில் "03ஆர்ஜி20, 8". 24எக்ஸ் என்று முகப்பில் போட்டிருக்கும் டிரைவில் 8 என்ற சீட்டைப் பார்த்து, "இதுக்கு எதுக்குண்ணா இவ்வளவு பெரிய நம்பர் போட்டாங்க?" என்று தம்பி கேட்டான். "விக்கிறதுக்குடா" என்றேன்.

வாடிக்கையாளருக்குப் போகிற டிஸ்க்கை எழுதியதோடு விடாமல் ஒல்லி டிரைவில் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுகிறோம். வீட்டு டிவிடி பிளேயருக்குப் போகிறதென்றால் +ஆர் டிஸ்க்கில் புத்தக வகையை (டிஸ்க் என்ன வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) டிவிடி+ஆர் என்றில்லாமல் டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுவதும் உண்டு. +ஆர் என்று தெரிந்தாலே முகம் சுளிக்கும் பழைய பிளேயர்கள் அதைப் பார்த்து ஏமாந்து ஓட்டிவிடும். பெயரில்லாத டப்பாவில் மிச்சம் இருப்பவற்றையும் வீணாக்கவில்லை. 8எக்ஸில், 3 ஜிபிக்கு மேல் நிரப்பாமல், வாடிக்கையாளர் திருத்தம் சொல்வதற்கான முதல் வெட்டை அதில் போட்டுக் கொடுக்கிறோம். எப்படியும் இரண்டு நாளில் அது குப்பைக்குப் போகிற டிஸ்க்தான்.